சிவப்புக் கூட்டல் குறி: ‘தீமை’ என்ற சொல் நமக்குத் தேவையா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கம்போல நோய், மருந்து பற்றி இல்லை. டாக்டர்களைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், கொலை செய்த டாக்டர்களைப் பற்றி. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல ஒரு கேள்வி.

ஒருத்தர் பொய் சொன்னா ‘தப்பு’ என்கிறோம். லஞ்சம் வாங்கினா ‘குற்றம்’ என்கிறோம். ஆனா சில செயல்களைப் பற்றிக் கேட்டவுடனே இந்தச் சொற்கள் போதலை என்று தோணும். அப்போதான் ‘தீமை’ என்ற சொல்லை எடுக்கிறோம்.

அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே தனி அர்த்தம் இருக்கா? இல்ல, ‘தப்பு’ என்பதையே கோபத்துல சத்தமா சொன்னா அது ‘தீமை’ ஆயிடுதா?

தத்துவம் படித்தவர்கள் நடுவில் இது இன்னும் தீராத சண்டை. அந்தச் சண்டைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு ‘கேஸ்’ பார்ப்போம். எங்க படிப்பு அப்படித்தான். முதல்ல நோயாளி, அப்புறம்தான் தியரி.

ஜெர்மனி. 1920.

ஒரு சட்டப் பேராசிரியரும் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார்கள். கார்ல் பிண்டிங், ஆல்ஃபிரட் ஹோஹே என்பது அவர்கள் பெயர். ‘வாழத் தகுதியற்ற உயிர்’ என்று ஒரு வகை இருக்கிறது, அதை முடித்துவைக்கச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் சாரம்.

கவனிங்க. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் 13 வருஷம் இருக்கு. இதை எழுதியவர்கள் தெருவில் கோஷம் போட்டவர்கள் இல்லை. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர்கள்.

ஜெர்மனி மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ‘தரமான வாரிசு’ என்ற மோகம் அப்போ உலகம் முழுக்க இருந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907லேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டுவிட்டது. 1927ல் ‘பக் எதிர் பெல்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே வர்ஜீனியாவின் கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது.

1933 ஜூலை. ஹிட்லர் பதவிக்கு வந்து ஆறு மாதம்கூட முழுசா ஆகலை. பரம்பரை நோய் உள்ளவர்களுக்குக் குழந்தை பிறக்காமல் தடுக்கும் சட்டம் வந்தது. மனச்சிதைவு, வலிப்பு, பிறவிக் குருடு, பிறவிச் செவிடு, தீவிரக் குடிப்பழக்கம் என்று ஒரு பட்டியல். யாருக்குக் கருத்தடை என்று முடிவு செய்ய ஒரு தனி நீதிமன்றம். அதில் மூன்று பேர். ஒருவர் நீதிபதி. மற்ற இருவரும் டாக்டர்கள்.

சுமார் 4 லட்சம் பேருக்கு அந்த அறுவை சிகிச்சை நடந்தது. அவர்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

அடுத்த படி, 1939.

ஆகஸ்ட் 18 அன்று ஒரு சுற்றறிக்கை. பிறவிக் குறைபாட்டோட பிறக்கிற குழந்தைகள், மூணு வயசுக்கு உட்பட்ட அப்படிப்பட்ட குழந்தைகள் பற்றி மருத்துவச்சிகளும் டாக்டர்களும் அரசுக்குத் தகவல் தரணும். பெற்றோரிடம் ‘ஸ்பெஷல் வார்டு, நல்ல சிகிச்சை’ என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்கள்.

அங்கே கொடுத்தது லூமினால். அதாவது ஃபீனோபார்பிட்டோன். வலிப்பு நோய்க்கு இன்னைக்கும் நாங்க எழுதித் தர்ற அதே மருந்து. அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தால் குழந்தை மயக்கத்திலேயே கிடக்கும், நெஞ்சில் சளி கட்டும், சில நாளில் மூச்சு நிற்கும். சான்றிதழில் ‘நிமோனியா’ என்று எழுதலாம். அது பொய்யும் இல்லை! அதுதான் இதில் இருக்கிற பயங்கரம்.

அப்புறம் பெரியவர்கள் முறை.

1939 அக்டோபரில் ஹிட்லர் தன் சொந்த லெட்டர்பேடில் ஒரு கடிதத்தில் கையெழுத்து போட்டார். தேதியை மட்டும் போர் தொடங்கிய செப்டம்பர் 1 என்று பின்தள்ளிப் போட்டார். தீராத நோயாளிகளுக்குக் ‘கருணை மரணம்’ அளிக்கும் அதிகாரத்தை டாக்டர்களுக்குத் தரலாம் என்ற அனுமதி அது. பெற்றுக்கொண்டவர்கள் இருவர். ஒருவர் கட்சி அதிகாரி பிலிப் பூலர். இன்னொருவர் ஹிட்லரின் சொந்த மருத்துவர்களில் ஒருவரான டாக்டர் கார்ல் பிராண்ட்.

இது சட்டம் இல்லை. கடைசி வரைக்கும் சட்டமாகவும் ஆகவில்லை. ஒரு கடிதம், அவ்வளவுதான்.

பெர்லினில் டீயர்கார்டன் தெரு, 4ஆம் எண் வீட்டில் அலுவலகம் திறந்தார்கள். அந்த முகவரியிலிருந்து வந்த பெயர்தான் ‘டி4’.

எப்படி நடந்தது? ஒரு படிவம் மூலமா.

மனநலக் காப்பகங்களுக்குப் படிவங்கள் போயின. நோயாளியின் பெயர், நோய், எத்தனை வருஷமா இருக்கார், என்ன வேலை செய்ய முடியும், யாராவது பார்க்க வர்றாங்களா? இப்படிக் கேள்விகள். எதுக்கு இந்தப் படிவம் என்று பல காப்பகங்களுக்குத் தெரியாது. போர்க்கால வேலைக்கு ஆள் எடுக்கப் போறாங்க போல என்று நினைத்து, நல்லா வேலை செய்யும் நோயாளியைக் காப்பாத்த ‘இவரால் எதுவும் முடியாது’ என்று எழுதி அனுப்பியவர்களும் உண்டு. காப்பாற்ற எழுதிய அந்த வரியே அவரைக் கொன்றது.

படிவங்கள் மூன்று மருத்துவ நிபுணர்களிடம் போகும். சாக வேண்டியவர் என்றால் சிவப்புப் பென்சிலில் ஒரு கூட்டல் குறி. வாழலாம் என்றால் நீலத்தில் ஒரு கழித்தல் குறி. நோயாளியை யாரும் நேரில் பார்க்கவில்லை. ஹெர்மன் பிஃபான்முல்லர் என்ற டாக்டர் 1940 நவம்பர், டிசம்பரில் சுமார் மூன்றே வாரத்தில் 2,000க்கும் மேற்பட்ட படிவங்களுக்குக் குறி போட்டார். தன் மருத்துவமனையை நிர்வாகம் செய்துகொண்டே, கூடுதல் வேலையாக!

ஒரு நாளைக்கு நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு உயிருக்கு எத்தனை நிமிஷம்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

பிறகு சாம்பல் நிறப் பேருந்துகள் வரும். கிராஃபனெக், பிராண்டன்பர்க், ஹார்ட்ஹைம், சோனன்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹடமார் என்று ஆறு இடங்கள். அங்கே ஒரு டாக்டர் நோயாளியைச் சில நொடிகள் பார்ப்பார். சிகிச்சைக்காக இல்லை. நம்பும்படியான ஒரு ‘சாவுக் காரணம்’ தேர்ந்தெடுக்க! அப்புறம் குளியலறை மாதிரி அமைத்த அறை. கார்பன் மோனாக்சைடு. அந்த வால்வைத் திறக்க வேண்டியவர் டாக்டர்தான் என்பது விதி.

வீட்டுக்கு ஒரு இரங்கல் கடிதம் போகும், சாம்பல் கலசமும் போகும். எப்பவோ குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு ‘குடல்வால் அழற்சியால் மரணம்’ என்று சான்றிதழ் போன கதைகளும் உண்டு. மக்களுக்குச் சந்தேகம் வந்ததே இப்படித்தான்.

1941 கோடையில் ஹடமாரில் 10,000வது உடலை எரித்ததை ஊழியர்கள் பீர் குடித்துக் கொண்டாடினார்கள்.

1941 ஆகஸ்ட் 3 அன்று முன்ஸ்டர் நகர பிஷப் ஃபான் காலன் தன் பிரசங்கத்தில் இதை வெளிப்படையாகக் ‘கொலை’ என்று சொன்னார். அதே மாதம் 24ஆம் தேதி ஹிட்லர் நிறுத்தச் சொன்னார். அதற்குள் செத்தவர்கள், அவர்களே வைத்திருந்த கணக்குப்படி, 70,273 பேர்.

நின்றுவிட்டதா? இல்லை. கேஸ் அறை மட்டும்தான் நின்றது. மருந்தும் பட்டினியும் போர் முடியும் வரை தொடர்ந்தன. மொத்தம் 2 லட்சத்துக்கும் மேல். டி4ல் பழகிய ஆட்கள் போலந்துக்குப் போய் யூதர்களைக் கொல்ல முகாம்கள் அமைத்தார்கள். டிரெப்ளிங்கா முகாமின் முதல் தளபதி இர்ம்ஃபிரீட் எபெர்ல் ஒரு டாக்டர். பிராண்டன்பர்க்கிலும் பெர்ன்பர்க்கிலும் வேலை கற்றுக்கொண்டவர்.

சரி. கேஸ் இவ்வளவுதான். இப்போ தியரிக்கு வருவோம்.

‘தீமை’ என்ற சொல்லையே தூக்கிப் போடணும் என்று சொல்கிற அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்றதுல நியாயமே இல்லைன்னு தள்ளிட முடியாது.

முதல் காரணம், அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. ‘ஏன் கொன்றான்? தீயவன் என்பதால். தீயவன் என்று எப்படித் தெரியும்? கொன்றானே!’ இது வட்டமா சுத்துற பேச்சு. வலிப்பு வந்தவரைப் பார்த்து ‘பேய் பிடிச்சிருக்கு’ என்று சொல்ற மாதிரி. பேய் என்று சொன்ன நிமிஷமே மேற்கொண்டு விசாரிப்பது நின்றுபோகும்.

இரண்டாவது, அது ஒரு ஆயுதம். எதிரியைத் ‘தீயவன்’ என்று முத்திரை குத்திவிட்டால் அவனை என்ன செய்தாலும் தப்பில்லை என்று ஆகிவிடும். பிலிப் கோல் என்ற தத்துவ அறிஞர் 2006ல் எழுதிய நூலில் தீமை என்பதே ஒரு கட்டுக்கதை, இந்தக் கருத்தைக் கைவிடுவதே நல்லது என்று வாதாடுகிறார்.

மூன்றாவது, அறிவியல் தரப்பு. கேம்பிரிட்ஜ் உளவியல் அறிஞர் சைமன் பேரன்-கோஹன் 2011ல் ஒரு யோசனை சொன்னார். தீமை என்ற சொல்லுக்குப் பதிலா ‘பிறர் வலியை உணரும் திறன் தேய்ந்துபோதல்’ என்று சொல்லலாமே? அதை அளக்கலாம், ஆராயலாம்.

இந்த மூன்றாவது யோசனை என் மாதிரி டாக்டர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா டி4 கேஸில் இதை வைத்துப் பாருங்க. சரியா பொருந்தாது.

அந்த டாக்டர்கள் தங்கள் வேலையை ‘கருணை மரணம்’ என்றுதான் அழைத்தார்கள். நாட்டின் மீது இரக்கம், ‘சுமை தாங்கும்’ குடும்பங்கள் மீது இரக்கம், போர்முனையில் காயம்பட்ட சிப்பாய்க்குக் கட்டில் வேண்டுமே என்ற இரக்கம். இரக்கம் இல்லாமல் இல்லை. அது யாருக்குப் போய்ச் சேரணும், யாருக்குச் சேரக்கூடாது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அதனால் ‘இரக்கம் தேய்ந்துவிட்டது’ என்று எழுதிக் கேஸை மூடிவிட முடியாது.

அப்போ என்ன சொல்வது?

1961ல் ஜெருசலேமில் ஐஷ்மன் வழக்கு நடந்தது. அதை நேரில் பார்த்து எழுதிய ஹன்னா அரெண்ட் 1963ல் வெளியிட்ட நூலில் ஒரு புகழ்பெற்ற கருத்தைச் சொன்னார். கூண்டில் நின்றவன் அரக்கன் மாதிரி இல்லை, சாதாரணக் குமாஸ்தா மாதிரி இருக்கிறான். யோசிக்க மறுத்த மனிதனால் இவ்வளவு பெரிய தீமையைச் செய்ய முடிகிறது என்றார்.

பிற்கால ஆய்வு, குறிப்பா பெட்டினா ஷ்டாங்நெத் எழுதிய நூல், ஐஷ்மனைப் பொறுத்தவரை இது சரியில்லை என்று காட்டியது. அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்தபோது பதிவான பேச்சுகளில் அவன் வெறும் குமாஸ்தா இல்லை, கொள்கை வெறியன். ஆனாலும் அரெண்ட் கேட்ட கேள்வி செத்துப்போகவில்லை. சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்த பேராசிரியர்களுக்கு அது இன்னும் பொருந்துகிறது.

என்னைக் கேட்டால், இதில் எனக்கு ரொம்ப உதவியது கிளாடியா கார்ட் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 2002ல் சொன்ன வரையறை. அவர் கணக்கில் தீமைக்கு இரண்டே பகுதிதான். ஒன்று, தாங்க முடியாத கேடு. இரண்டு, முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடிய அந்தக் கேட்டை விளைவித்த, பழிக்குரிய தவறான செயல். செய்தவனுக்குக் கொம்பும் கோரைப்பல்லும் இருக்கணும் என்று அவசியமே இல்லை. அவன் நோக்கத்தைத் தோண்டிப் பார்த்து ‘உள்ளுக்குள்ள நல்லவன்தான்’ என்று விடவும் தேவையில்லை.

இதை என் பாஷையில் சொல்றேன்.

ஒரு கட்டியை பயாப்சிக்கு அனுப்புகிறோம். ‘மாலிக்னன்ட்’ என்று ரிப்போர்ட் வருது. அந்தச் சொல் கட்டி ஏன் வந்தது என்று சொல்லாது. ஆனா மூணு விஷயத்தைச் சொல்லிடும். இது தானா நிற்காது. பக்கத்தில் பரவும். சாதாரண வைத்தியம் போதாது. காரணம் தெரியவில்லை என்பதற்காக யாரும் அந்தச் சொல்லைத் தூக்கிப் போடுவதில்லை.

‘தீமை’யும் அப்படித்தான். காரணம் கண்டுபிடிக்கிற சொல் அது இல்லை. காரணத்தை வரலாறும் உளவியலும் தேடட்டும். இது எந்த வகை என்று சொல்கிற சொல் அது. கருத்தடையில் தொடங்கி, குழந்தைக்குப் போய், பெரியவர்களுக்குப் போய், டிரெப்ளிங்கா வரை பரவிய ஒன்றைத் ‘தவறான கொள்கை முடிவு’ என்று எழுதினால், அது புற்றுநோய்க்குப் ‘புண்’ என்று பெயர் எழுதுவது போல.

ஆனா இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. இந்த உவமை ஆபத்தானது. ஏன்னா நாஜிகளும் இதே மருத்துவ பாஷையைத்தான் பேசினார்கள். நோயாளிகளையும் யூதர்களையும் நாட்டின் உடம்பில் இருக்கிற நோய் என்றார்கள். அதனால் விதி இதுதான்: ‘மாலிக்னன்ட்’ என்ற சொல் செயலுக்கும் அமைப்புக்கும் மட்டும். மனுஷனுக்குக் கிடையாது. எந்த மனுஷனுக்கும் கிடையாது.

திருக்குறளில் ஒரு அதிகாரத்தின் பெயர் ‘தீவினையச்சம்’. அந்தப் பெயரை மட்டும் கவனிங்க. பயப்படச் சொல்வது தீயவர்களைப் பார்த்து இல்லை. தீய வினையைப் பார்த்து. அதுவும் நாமே செய்துவிடக்கூடிய வினையைப் பார்த்து.

‘மேலிடத்து உத்தரவு, மறுத்தா உயிர் போயிருக்கும், அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்?’ என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. வரலாறு பதில் சொல்லுது.

1940 ஆகஸ்டில் கோட்டிங்கன் பேராசிரியர் காட்ஃபிரீட் எவால்டை படிவ நிபுணராகச் சேரக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொன்னார், எழுத்திலும் எதிர்ப்பைத் தெரிவித்தார். சிறைக்குப் போகவில்லை. வேலையும் போகவில்லை.

லோதர் கிரைசிக் என்ற நீதிபதி தன் பாதுகாப்பில் இருந்த நோயாளிகள் காணாமல் போவதைக் கவனித்தார். சட்ட அமைச்சருக்கே எழுதினார். பூலர் மீது கொலைப் புகார் கொடுத்தார். ஹிட்லரின் கடிதத்தைக் காட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை. பதவி போனது. உயிர் போகவில்லை. 1986 வரை வாழ்ந்தார்.

‘முடியாது’ என்று சொல்ல முடிந்தது. சொன்னவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம். குற்றம் என்ற பேச்சே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கணக்கு எப்படி முடிந்தது?

1946 டிசம்பரில் நியூரம்பெர்கில் டாக்டர்கள் வழக்கு தொடங்கியது. 23 பேர் மீது குற்றச்சாட்டு, அதில் 20 பேர் டாக்டர்கள். 16 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. கார்ல் பிராண்ட் உட்பட 7 பேர் 1948 ஜூன் 2 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். ஆராய்ச்சிக்கு நோயாளியின் சுயவிருப்பச் சம்மதம் கட்டாயம் என்று சொல்லும் ‘நியூரம்பெர்க் நெறிமுறை’ அந்தத் தீர்ப்பில் பிறந்தது.

ஆனா பலர் தப்பித்தார்கள். வியன்னாவில் ‘ஆம் ஷ்பீகல்கிரண்ட்’ என்ற குழந்தைகள் காப்பகம் இருந்தது. அங்கே 789 குழந்தைகள் இறந்தார்கள். அங்கு வேலை பார்த்த டாக்டர் ஹைன்ரிஷ் கிராஸ், போருக்குப் பிறகு அந்தக் குழந்தைகளின் மூளைகளை வைத்தே ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். நீதிமன்றங்களுக்கு மனநல நிபுணர் ஆனார். அரசு விருதும் வாங்கினார்.

1970களில் ஒரு கைதியைப் பரிசோதிக்க சிறைக்குப் போனார் கிராஸ். அந்தக் கைதி ஃபிரீட்ரிஷ் சாவ்ரல். சின்ன வயதில் ஷ்பீகல்கிரண்டில் அடைபட்டு உயிர் தப்பியவர். எதிரே உட்கார்ந்திருந்தவரை அடையாளம் கண்டுகொண்டார்.

2000ல்தான் வழக்கு விசாரணைக்கு வந்தது. மறதி நோய் என்று சொல்லி அதுவும் தள்ளிப்போடப்பட்டது. 2002ல் அந்தக் குழந்தைகளின் எச்சங்கள் வியன்னா மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டன. இறந்து அறுபது வருஷம் கழித்து.

ஒரு சமூகம் தீமையைத் தீமை என்று பெயர் சொல்லாமல் ‘பழைய கதை, விடுங்க’ என்று நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேற சாட்சி வேண்டாம். பெயர் வைக்கவில்லை என்றால் அது விருது வாங்கும், நிபுணர் சாட்சி சொல்லும்.

அப்போ இந்தச் சொல்லோட நடைமுறைப் பயன் என்ன? எனக்குத் தெரிந்த அறிகுறிகளைச் சொல்றேன். நோட் பண்ணி வச்சுக்கோங்க.

1. பெயர் மாறும். டி4 கணக்கேட்டில் ‘கொல்லப்பட்டார்’ என்று இருக்காது. ‘கிருமி நீக்கம் செய்யப்பட்டார்’ என்று இருக்கும்.

2. முடிவெடுப்பவர் பாதிக்கப்படுபவரைப் பார்க்கவே மாட்டார். படிவம் மட்டும் பார்ப்பார்.

3. வேலை துண்டு துண்டாகும். ஒருவர் படிவம் நிரப்புவார், ஒருவர் குறி போடுவார், ஒருவர் பஸ் ஓட்டுவார். ‘நான் கொல்லலையே’ என்று எல்லோரும் சொல்லலாம்.

4. உயிருக்கு விலை போடுவார்கள். கொன்றதால் 1951 வரைக்கும் எவ்வளவு மிச்சம் என்று ஹார்ட்ஹைமில் கணக்கு போட்டு வைத்திருந்தார்கள். 88 கோடி மார்க்குக்கும் மேல். ரொட்டி, உருளைக்கிழங்கு வரை தனித்தனி கணக்கு!

5. ரகசியம். நல்ல சிகிச்சைக்குப் பொய்ச் சான்றிதழ் தேவைப்படாது.

நாலாவதுதான் ‘தப்பு’க்கும் ‘தீமை’க்கும் நடுவில் இருக்கிற கோடு. சாதாரணத் தப்புகளில் லாபம் நஷ்டம் பார்க்கலாம், இரண்டு பக்கமும் பேசலாம். ஆனா சில இடங்களில் தராசைக் கையில் எடுப்பதே குற்றம். ‘தீமை’ என்ற சொல் அந்தத் தராசைக் கீழே வைக்கச் சொல்கிறது.

ஒரு விளக்கம் சொல்லிடறேன், குழப்பம் வரக்கூடாது. குணமாகும் வாய்ப்பே இல்லாதபோது நோயாளியின் விருப்பப்படி, குடும்பத்திடம் வெளிப்படையா பேசி, வெண்டிலேட்டரை எடுப்பதும் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதும் இது இல்லை. அங்கே நோயாளி பார்க்கப்படுகிறார், கேட்கப்படுகிறார். மேலே இருக்கிற ஐந்தில் ஒன்றுகூட அங்கே இருக்காது.

கடைசியா ஒன்று.

‘அவங்க அரக்கர்கள்’ என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. ஏன்னா நாம அரக்கர் இல்லையே! அந்த நிம்மதிதான் ஆபத்து. அவர்கள் எங்களைப் போலவே உடற்கூறியல் படித்து, இரவுப் பணி பார்த்து, நோயாளிக்கு நாடி பிடித்தவர்கள்.

படுத்த படுக்கையா இருக்கிற ஒருவரைக் காட்டி ‘இவர் இருந்து என்ன பிரயோஜனம்?’ என்று யாராவது கேட்கும்போது, அதைக் கேட்பவர் தீயவர் இல்லை. பெரும்பாலும் களைத்துப்போனவர். அவரைத் திட்டாதீங்க. தோள் கொடுங்க. ஆனா அதே கேள்வியை ஒரு அரசோ ஒரு அமைப்போ படிவமாக அச்சடித்து, நிரப்பித் தரச் சொன்னால், அன்றைக்குப் பென்சிலைக் கீழே வைத்துவிடுங்க.

நான் விட்டது, மாற்றுக் கருத்து எதுவா இருந்தாலும் கீழே எழுதுங்க. பேசுவோம்.